ஏழு இருக்க வேண்டிய இடத்தில்

எட்டு என்று அடித்திருந்தாள் இந்துஜா. ஏழு இருக்க வேண்டிய இடம் அது. வரி முழுக்கச் சரி, முகவரி சரி, சாய்கோடுகள் சரி, கடைசியில் அந்த ஒற்றை எண் மட்டும் தப்பு. கோகிலம் பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் வாய் திறக்கத்தான் போனது. இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களோடு பாதி வாழ்க்கையைக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தப்பான எழுத்து சோற்றில் கல் மாதிரி, பல்லில் பட்டதுமே தாடை நின்றுவிடும். இந்து, கடைசியில பாரு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன, வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டன. சரி, அவளே பார்ப்பாள் என்று நினைத்தாள் கோகிலம். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்க்காமலா இருப்பாள், படித்தால் தெரிந்துவிடும், நாமாகச் சொல்லி அவள் முகம் சுருங்குவானேன். இப்படி நினைத்ததில் ஒரு தயை இருப்பது போலவும் இருந்தது. செர்வர் ரூம் ஏசி முதுகுத்தண்டில் குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கிடையாது, அதனால்தான் மெஷினில் கை வைக்க இன்றைக்கு அனுமதி கிடைத்தது. இந்துஜா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கால் இரண்டையும் நாற்காலிமேல் மடக்கி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலம் அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு நாற்காலியில். ஒருத்தர் அடிக்க வேண்டும், ஒருத்தர் பின்னாலிருந்து சரிபார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. விதியை எழுதியதே கோகிலம்தான்.

வேலை பெரிய வேலையில்லை. ரத்தம், சிறுநீர் என்று லேபில் பார்க்கிற பரிசோதனை முடிவுகளை ஒவ்வொரு வார்டுக்கும் அனுப்புகிற மெஷின் அது. அதன் அடியில் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படைப் பாகங்கள் பழசாகிவிட்டன, புதுசு போட வேண்டும். புதுசு எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது, எந்தக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைலில் நாம் எழுதித்தர வேண்டும். வீட்டுக்காரர் தனபால் ஒருநாள் கேட்டபோது ரேஷன் கடையைச் சொல்லித்தான் விளக்கினாள். கார்டில் எந்தக் கடை நம்பர் இருக்கிறதோ அந்தக் கடையில்தான் அரிசி வாங்க முடியும். இந்த ஃபைல்தான் கார்டு. கடை மாறினால் வேற அரிசி வந்துடுமா, என்று கேட்டார் தனபால். வேற அரிசி வராதுங்க, வேற வயித்துக்கான சாப்பாடு வந்துடும், என்று சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவருக்கு வேலை இருந்தது. கிடங்குகளை ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்திருந்தாள் கோகிலம், வெளியே நெட் இல்லாத மெஷின்களுக்காக. ஏழாம் வெர்ஷனுக்கு ஒன்று, எட்டாம் வெர்ஷனுக்கு ஒன்று. இந்த மெஷின் ஏழு. ஏழுக்குள் எட்டின் அடிப்படைப் பாகங்களைக் கொண்டு போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் பயிற்சி மெஷினில் இந்துஜா எட்டைத்தான் போட்டுப் பார்த்தாள், அது எட்டாம் வெர்ஷன் மெஷின். அங்கே எழுதிய ஃபைலை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள். அவசரம். ஒட்டும்போது எதையோ நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். என்னத்தை நினைப்பாள், சந்தோஷமாக எதையாவது. எப்போதும் சந்தோஷமாகத்தான் எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாள்.

பெரிய மாமா வீட்லயே இருக்கறதால எங்களுக்கெல்லாம் ரொம்ப ஒத்தாசை. அந்த வாக்கியம் வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் அங்கே வந்து இடித்துக்கொள்கிற காலைப் போல மனசு அதில் போய் இடித்தது. கோகிலமும் இந்துஜாவும் ஓரகத்திகள். அண்ணன் தனபாலுக்கு வாழ்க்கைப்பட்டவள் கோகிலம், தம்பி யுவராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள் இந்துஜா. அம்மாப்பேட்டையில் ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு. இந்துஜா வேலைக்கு வர ஆசைப்பட்டபோது, கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஜெரால்டு சாரிடம் சொல்லி இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டவளும் கோகிலம்தான். அந்த வாக்கியத்தை இந்துஜா சொன்னது ஒரு வளைகாப்புப் பந்தியில். சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக இலையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தனபாலைப் பற்றிக் கேட்டார்கள், அண்ணன் இப்ப எங்க இருக்காரு என்று. நூல் மில் மூடி வருஷம் ஓடிவிட்டது என்பது கேட்டவளுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள். கோகிலம் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் இந்துஜா பதில் சொல்லிவிட்டாள். பெரிய மாமா வீட்லயே இருக்கறதால எங்களுக்கெல்லாம் ரொம்ப ஒத்தாசை. சிரித்துக்கொண்டே, அன்பாக. ஒத்தாசை. வீட்டு வேலைக்கு வருகிறவளைச் சொல்கிற சொல். பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்கிற சொல். ஒருகாலத்தில் மில்லில் ஒரு ஷிஃப்டு முழுவதையும் கைசைகையிலேயே நடத்திய மனிதர் அப்போது தண்ணீர் ஜக்கோடு பந்தியில் நடந்துவந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. அவரும் சிரித்தார். அதுதான், அதுதான் பொறுக்க முடியவில்லை, அவர் சிரித்தது. கோபப்பட்டிருந்தால் கோகிலம் அவரைச் சமாதானம் செய்திருப்பாள், சமாதானம் செய்யும் சாக்கில் தானும் ஆறியிருப்பாள். அவர் சிரித்துவிட்டு இந்துஜாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். போதுமாம்மா, என்று கேட்டார்.

"சரியாக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள் இந்துஜா. ஆபீசில் மேடம் என்று கூப்பிடு என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, அவள் வாயில் வராது. கோகிலம் திரையைப் பார்த்தாள். எட்டு அங்கேயே இருந்தது, இரண்டு சுழி, வெள்ளை எழுத்தில். "ம்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ம் என்றால் என்ன, கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம் உண்டு, பார்க்கிறேன் என்றும் உண்டு, அது சரி என்று ஆகாது. நாளைக்கு யாராவது கேட்டால், நான் ம் என்றுதான் சொன்னேன், சரி என்று சொல்லவில்லை. யார் கேட்கப்போகிறார்கள். இந்துஜா அதற்குள் ஃபைலைச் சேமித்துவிட்டாள். அந்தச் சின்னத் தலை, உச்சியில் போட்ட ஒற்றைக் க்ளிப், கழுத்துக்குக் கீழே ஸ்வெட்டருக்குள் போகிற மெல்லிய செயின். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கோகிலம் படுத்திருந்தபோது இவள்தான் தலை வாரிவிட்டாள். தினமும், சிக்கு எடுத்து, நுனியிலிருந்து மேலே மேலே போய், ஒரு தடவைகூட இழுக்காமல். அக்கா, காதோரம் நாலைஞ்சு நரைச்சிருக்கு, டை அடிச்சு விடட்டுமா, என்று காதருகே கேட்டாள். சீப்பு ஒரு தடவை வெடுக்கென்று இழுத்திருந்தால் போதும். ஒரே ஒரு தடவை அலுத்துக்கொண்டிருந்தால். வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். படுக்கையில் கிடந்தபடி கோகிலம் அந்த விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தாள், எப்போது தவறும், எப்போது தவறும் என்று. தவறவே இல்லை.

கட்டளையை அடித்தாள் இந்துஜா. மெஷின் கிடங்கைத் தேடிப் போயிற்று, கிடங்கைக் கண்டுபிடித்தது, அங்கே இருக்கிற பாகங்கள் நம்பகமானவைதானா என்று கையெழுத்தைச் சோதித்தது. கையெழுத்துச் சாவி கோகிலத்தின் பேரில்தான் இருந்தது. சரி என்றது மெஷின். பிறகு மாற்றப்போகிற பாகங்களின் பெயர்கள் மேலே மேலே ஓடின, ஓடி ஓடி நிற்கவே மாட்டேன் என்றன. இந்துஜா காலைக் கீழே இறக்கினாள். "என்னக்கா இவ்வளவு வருது? லிப்சி வரைக்கும் மாத்தணும்ங்குது. எப்பவும் இப்படித்தான் வருமா?" லிப்சி என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற நூலகம். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி, அஸ்திவாரம் போனால் வீடு கொஞ்ச நேரமாவது நிற்கும். இது போனால் அடுத்த நொடியே எதுவும் நிற்காது. இப்போது சொல்லலாம். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மெஷின் இன்னும் கேள்விதான் கேட்டுக்கொண்டிருக்கிறது, தொடரட்டுமா வேண்டாமா என்று. அடடே, இரு, ஏன் இவ்வளவு வருதுன்னு பாப்போம், என்று ஒரு வார்த்தை. கோகிலத்துக்குத் தன் வயிற்றில் ஏதோ இனிப்பாக இறங்குவது தெரிந்தது. பயந்துபோனாள். பயத்திலும் அந்த இனிப்பு போகவில்லை. "பேஸ் அப்டேட்னா அதெல்லாம் வரத்தான் செய்யும்" என்றாள். குரல் இயல்பாக இருந்தது. பொய்கூட இல்லை அது, பேஸ் அப்டேட் என்றால் வரத்தான் செய்யும். இந்துஜா தலையாட்டிவிட்டு ஆம் என்று அடித்தாள்.

பாகங்கள் ஒன்றொன்றாக இறங்கிப் பழசின் இடத்தில் உட்காரத் தொடங்கின. திரையின் அடியில் ஒரு கோடு வலப்பக்கமாக வளர்ந்தது. இந்துஜா பையைத் திறந்து கடலைமிட்டாய் எடுத்து, பாதியை உடைத்துப் பின்னால் நீட்டினாள். கோகிலம் வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டாள். வெல்லம் பல்லில் ஒட்டியது. வசுமதி நினைவுக்கு வந்தாள். ஏன் இப்போது வசுமதி. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், எல்லாப் பாடத்திலும் முதல், வெள்ளைப் பாவாடை. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது வசுமதியின் பாவாடைப் பின்பக்கம் கறை. வசுமதிக்குத் தெரியவில்லை. கோகிலம் பின்னால் நடந்தாள். சொல்லியிருக்கலாம், பையை எடுத்துப் பின்னால் பிடித்துக்கோ என்று. கடைவீதி முழுக்க, சைக்கிள் கடை, பெட்டிக்கடை, பையன்கள் நிற்கிற பஸ் ஸ்டாப் முழுக்கப் பின்னாலேயே நடந்தாள். வசுமதி கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள், எந்தக் கணக்கை யார் தப்பு விட்டார்கள் என்று. கோகிலம் அதற்கும் ம் ம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். மறுநாள் வசுமதி பள்ளிக்கு வரவில்லை. அதற்காக யாரும் கோகிலத்தைத் திட்டவில்லை. ஒன்றும் செய்யாதவளை எதற்குத் திட்டுவது. உலகத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. தனபாலும்தான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். முதலில் அங்கே இங்கே விண்ணப்பம் போட்டார், நேர்காணலுக்குப் போனார், பிறகு காய்கறி வாங்கப் போனார், பிறகு இந்துஜாவின் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார். இப்போது சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டு போகிறார். சந்தோஷமாக இருக்கிறார். மகள் கோயமுத்தூரில் படிக்கிறாள், அவள் படிப்பும் ஹாஸ்டலும் கோகிலத்தின் தலையில், இவர் சீட்டியடிக்கிறார். போன வாரம் ஜெரால்டு சார் கூப்பிட்டு, உட்காருங்க என்றுகூடச் சொல்லாமல், அடுத்த வருஷம் செர்வரெல்லாம் வெளிக் கம்பெனிக்குப் போகுது கோகிலம், இங்க ஒருத்தர் இருந்தா போதும்னு மேனேஜ்மெண்ட் சொல்லுது, என்றார். யார் அந்த ஒருத்தர் என்று சொல்லவில்லை. பிறகு, இந்துஜா அன்னிக்கு மீட்டிங்ல நல்லா பேசுச்சு இல்ல, என்றார். ஆமா சார், என்றாள் கோகிலம். கோடு பாதியைத் தாண்டிவிட்டது. இனி சொன்னாலும் பயனில்லை. பயனில்லை என்று தெரிந்ததும் மனசு லேசாயிற்று. சொல்லலாமா வேண்டாமா என்ற பாரம் போயிற்று. ஆக, அதற்குத்தான் காத்திருந்தேனா, என்று ஒரு குரல் கேட்டது. அதை அவள் கடலைமிட்டாயோடு சேர்த்து மென்றாள்.

கோடு முடிவதற்கு முன்னாலேயே நின்றது. சிவப்பில் ஏதோ வந்தது. இந்துஜா குனிந்து படித்தாள். ஃபைல்களைக் காட்டு என்று ஒரு சின்னக் கட்டளை கொடுத்தாள், குழந்தைகூட அடிக்கிற கட்டளை. நூலகத்தோடு பொருந்தவில்லை என்று பதில் வந்தது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். அதே பதில். எதைக் கேட்டாலும் அதே பதில். "அக்கா" என்றாள் இந்துஜா. பிறகு இன்னும் வேகமாக அடித்தாள், அதையே, அதையே. "அக்கா, ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. எதுவுமே. அக்கா." திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. கோகிலம் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள். "என்ன பண்ணின?" என்று கேட்டாள். "நீங்க பாத்தீங்கல்ல... அதேதான் பண்ணினேன்." "ஃபைல் என்னாச்சு? எந்தக் கிடங்கு குடுத்திருந்த?" ஃபைலைத் திறந்து பார்க்கக்கூட மெஷினால் முடியவில்லை. இந்துஜா இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். யோசிப்பது தெரிந்தது, போன வாரத்து மெஷின், ஒட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணுக்குள் வந்துபோவதைக் கோகிலம் பார்த்தாள். "ஐயோ. எட்டுன்னு இருந்துச்சாக்கா? எட்டுன்னா இருந்துச்சு?"

இண்டர்காம் அடித்தது. கோகிலம் எடுத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிரிசில்லா சிஸ்டர். "மேடம், ஆறாம் பெட் பெரியவருக்குப் பொட்டாசியம் பாக்க ரத்தம் அனுப்பி எவ்வளவு நேரமாச்சு, ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. டயாலிசிஸ்க்கு எடுக்கறதா வேண்டாமான்னு டாக்டர் நிக்கறாரு." "லேபுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கோங்க சிஸ்டர்" என்றாள் கோகிலம். "அடிச்சுட்டேங்க, எங்கேஜ்டாவே இருக்கு. எல்லா வார்டும் அங்கதான் அடிக்கறாங்க போல." "ஆள் அனுப்பி வாங்கிக்கோங்க." வைத்துவிட்டாள். அந்தப் பெரியவரை அவளுக்குத் தெரியாது. மூக்கில் குழாயோடு, வேட்டியைத் தளர்த்திவிட்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். லேபிலிருந்து யாராவது தாளோடு ஓடுவார்கள், இரண்டு மாடிதானே, ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாதா? காலையில் வந்ததும் மெஷினின் முழுக் காப்பி ஒன்று எடுத்து வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, விதியின்படி அடிக்கிற ஆள்தான் எடுக்க வேண்டும், இந்துஜா மறந்துவிட்டாள். கோகிலத்துக்கு அது பழக்கம், வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பது போல. அந்தக் காப்பியைத் திருப்பிப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஓடும். சொல்லலாம். இப்போது சொன்னால் இந்தப் பெண் நிமிர்ந்துவிடுவாள், ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் யுவராஜிடம், இன்னிக்கு எப்படி மாட்டிக்கிட்டேன் தெரியுமா, என்று கதை சொல்வாள். கொஞ்சம் இரு. கொஞ்ச நேரம். இந்துஜா கடவுள் பெயர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பழைய குறிப்புகளைப் புரட்டினாள், போனில் தேடினாள், எழுத்துகள் தப்பாக விழுந்தன, அழித்து அழித்து அடித்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து நின்றது, துடைக்க நேரமில்லை. கோகிலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழும்போது அழகாக இல்லை. உதடு கோணிக்கொண்டு, தாடையில் சின்னச் சின்னக் குழி விழுந்து, வேறு யாரோ மாதிரி. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தோம் போலிருக்கிறது. பார்த்தாயிற்று. பார்த்த பிறகு உள்ளே ஒரு வெற்றிடம், பசித்தவன் அவசரத்தில் விழுங்கிவிட்டு ருசி என்ன என்று யோசிப்பது போல.

ஜெரால்டு சார் கோகிலத்தின் செல்லுக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. "என்ன கோகிலம் நடக்குது அங்க? டீன் வரைக்கும் எனக்கு அடிக்கறாரு." ஸ்பீக்கரில் போட்டாள் கோகிலம். "சார், லேப் மெஷின் அப்டேட்ல விழுந்துருச்சு. பயப்படாதீங்க, காலையிலயே நான் ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன். போட்டுடறேன், சரியாயிடும்." "அப்பாடா" என்றார் அவர். அந்த அப்பாடாவுக்கு மேலாக இன்னொரு குரல் கேட்டது. "காப்பி இருக்காக்கா!" இந்துஜா எழுந்தேவிட்டாள். கோகிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கைகளாலும், ஈரமான குளிர்ந்த கைகள். "எடுத்து வெச்சிருக்கீங்களா! தெய்வமே." முகம் முழுக்க வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் பாதியில் நின்றது. கண் கோகிலத்தின் கண்ணிலேயே இருந்தது, புருவம் மட்டும் மெல்லச் சேர்ந்தது. காலையிலேயே எடுத்தது என்றால். இவ்வளவு நேரமாக. நான் அழுதுகொண்டிருந்தபோது. இந்துஜா கையை விட்டுவிட்டாள். வெடுக்கென்று விடவில்லை, சூடான பாத்திரத்தைக் கீழே வைப்பது போல மெல்ல எடுத்துக்கொண்டாள். கோகிலம் திரும்பிப் போய் இன்னொரு மெஷினிலிருந்து காப்பியைத் திருப்பிப் போடும் வேலையைத் தொடங்கினாள். விரல்கள் தெளிவாக வேலை செய்தன.

முக்கால் மணி நேரத்தில் மெஷின் எழுந்தது. இண்டர்காமில் பிரிசில்லா சிஸ்டர், வந்துடுச்சு மேடம், பெரியவருக்கும் தாள் வாங்கிட்டு வந்து பாத்துட்டாங்க, ஒண்ணும் பிரச்சனையில்ல, என்றாள். கோகிலம் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே ஜெரால்டு சார் மறுபடியும் ஸ்பீக்கரில் வந்தார், இந்தத் தடவை பின்னால் சத்தமில்லை, மண்டபத்துக்கு வெளியே வந்திருப்பார். எந்தத் தப்பால் விழுந்தது என்று கேட்டார். "கிடங்கு மாறிப்போச்சு சார். ஏழுக்குப் பதிலா எட்டுன்னு எழுதிட்டேன்" என்றாள் இந்துஜா. "எழுதிட்டேன்னா? கோகிலம், பின்னால உக்காந்து சரிபாக்கத்தானே உங்களைப் போட்டிருக்கு? நீங்க பாக்கலியா?" ம் என்று சொன்னேன், சரி என்று சொல்லவில்லை, என்ற வாக்கியம் தயாராக இருந்தது, ஆனால் அதை ஒரு மனுஷரிடம் உரக்கச் சொல்ல முடியாது என்று இப்போதுதான் புரிந்தது. அதற்குள் இந்துஜா பேசினாள். "அக்கா அப்ப ரூம்ல இல்ல சார். டீ குடிச்சுட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிச்சேன். அவங்க வர்றதுக்குள்ள நானே ஓட்டிட்டேன்." ஃபோனைப் பார்த்துத்தான் சொன்னாள், கோகிலத்தைப் பார்க்கவில்லை. கோகிலத்துக்குக் கணக்கு உடனே புரிந்தது. இந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே வீட்டுக்கு இரண்டு சம்பளம், இரண்டும் போகக் கூடாது. பெரிய மாமாவுக்கு வேலையில்லை. கோயமுத்தூரில் ஒருத்தி படிக்கிறாள். இவ்வளவையும் அந்த ஒரு மூச்சுக்குள் நினைத்துப் பார்த்திருக்கிறாள், அழுது வீங்கிய கண்ணோடு. மறுபடியும் ஒத்தாசை. மறுபடியும் சிக்கு எடுக்கிற விரல். இழுக்காமல், வலிக்காமல். தாங்க முடியவில்லை. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் இனி, ஆயுசு முழுக்க, ஒரே சமையல்கட்டில். "அப்படியா கோகிலம்?" என்றார் ஜெரால்டு சார். "ஆமா சார்" என்றாள் கோகிலம். அதோடு நிறுத்தியிருக்கலாம், அதுவே போதும். நாக்கு நிற்கவில்லை. "நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன் சார்."

இப்போது இந்துஜா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று கோகிலம் தேடினாள். இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினாள். முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சுவரையும் கூரையையும் பார்ப்பார்களே, அப்படி இருந்தது அது. ஃபோனில் ஜெரால்டு சார் சொல்லிக்கொண்டிருந்தார், இது விளையாட்டில்ல இந்துஜா, பேஷண்ட் உயிர் சமாச்சாரம், நான் டீனுக்கு என்ன பதில் சொல்றது, நாளைக்குக் காலையில வந்து ஐடி கார்டை எச்.ஆர்.ல குடுத்துடுங்க, காண்ட்ராக்ட்தானே, மாசக் கடைசி வரைக்கும் சம்பளம் போட்டுத் தரச் சொல்றேன். "சரிங்க சார்" என்றாள் இந்துஜா. குரல் உடையவில்லை. நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள், கடலைமிட்டாய்க் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள், மேஜையில் சிந்தியிருந்த துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டி அதையும் போட்டாள்.

வீட்டுக்கு ஒரே ஆட்டோதான், வேறு எப்படி. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், ரோடு காலியாக இருந்தது, காற்று சூடாக முகத்தில் அடித்தது, ஏசியில் விறைத்திருந்த கை கால்கள் இளகி வலித்தன. நடுவில் கைப்பைகள். ஏதாவது பேச வேண்டும். ஜெரால்டு சாரிடம் நாளைக்குப் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லலாம், பேசப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேறு ஆஸ்பத்திரியில் கேட்கலாம் என்று சொல்லலாம். கோகிலம் தொண்டையைச் செருமினாள். அதற்குள் இந்துஜா, ரோட்டைப் பார்த்தபடியே, "வீட்ல நான் சொல்லிக்கறேன்க்கா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். கோகிலம் சரி என்று தலையாட்டினாள், ஆட்டிய பிறகு அந்த வாக்கியம் உள்ளே இறங்கியது. வீட்ல நான் சொல்லிக்கறேன். என்ன சொல்வாள்? டீ குடிக்கப் போயிருந்தாங்க என்று சொல்வாளா, ஆபீசில் சொன்ன மாதிரியே? அப்படித்தான் சொல்வாள், அவள் குணம் அது. குணம் அப்படியென்றால் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்று ஏன் சொன்னாள்? உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம் என்கிறாளா, உங்க வாயால இனிமே ஒண்ணும் வேண்டாம் என்கிறாளா? யுவராஜிடம் மட்டும் சொல்வாளா, எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வாளா? தனபாலிடம். ஐயோ, தனபாலிடம். அவருக்கு விவரித்துச் சொல்லவே வேண்டியதில்லை. எட்டு என்று எழுதிவிட்டேன், அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாங்க, என்று இந்துஜா வெறுமனே சொன்னால் போதும். என் பெண்டாட்டி கண்ணில் ஒரு எழுத்துத் தப்பாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த மனுஷர். மிச்சத்தை அவரே முடித்துக்கொள்வார். இல்லை, சொல்ல மாட்டாள். சொல்லாமலே வைத்துக்கொள்வாள். தினமும் காலையில் காபி டம்ளரை நீட்டும்போது அக்கா என்பாள், சொல்ல மாட்டாள், சாயங்காலம் சொல்ல மாட்டாள், வருஷக்கணக்கில் சொல்ல மாட்டாள். எது மோசம்? சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அவள் கையில். வீட்ல நான் சொல்லிக்கறேன். குரலை நினைவுபடுத்திப் பார்த்தாள், எந்த இடத்தில் அழுத்தினாள், நான் என்பதிலா, சொல்லிக்கறேன் என்பதிலா? அதற்குள் மறந்துவிட்டிருந்தது. எப்படி நினைத்துப் பார்த்தாலும் அப்படியே கேட்டது.

ஆட்டோ நின்றது. இந்துஜாவே காசு கொடுத்துவிட்டு முன்னால் இறங்கிப் போனாள். கேட் திறந்தே கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, குழந்தை அம்மா என்று கத்திக்கொண்டு ஓடிவருவது கேட்டது, தனபாலின் குரல் கேட்டது, வந்துட்டீங்களா, ஏன் இவ்வளவு நேரம், சுண்டல் போட்டு வெச்சிருக்கேன், என்று. பிறகு யாரோ டிவியை நிறுத்தினார்கள். கோகிலம் வாசல் பக்கத்துக் குழாயடியில் செருப்பைக் கழற்றினாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீர் முதலில் சுட்டது, பிறகு ஆறிவந்தது. வலது காலைக் கழுவினாள், இடது காலைக் கழுவினாள். உள்ளே இந்துஜா பேசத் தொடங்கியிருந்தாள், நிதானமான குரல், சொற்கள் தண்ணீர்ச் சத்தத்தில் கரைந்துபோயின. குழாயை மூடினால் கேட்கும். கோகிலம் வலது காலை மறுபடியும் நீட்டினாள்.